வெறுங்காலுக்கு அளவெடுத்த பெடல்

என் மச்சான் காரில் ஏறிப் போன பிறகு, அவன் ஏறிய இடத்தில் ஒரு ஜோடி ஜப்பான் செலிப்பார், அதாவது ரப்பர் செருப்பு, கிடக்கும். எங்கள் வீட்டு வாசலில் கிடந்திருக்கிறது. தேவாலய முற்றத்திலும், ஈப்போ பழைய நகரத்துக் காப்பிக்கடைக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையிலும் கிடந்திருக்கிறது. காப்பிக்கடை முதலாளியான தௌகே அதை எடுத்து ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் போகும்போது கண்ணால் காட்டுவார். நான் எடுத்துக்கொண்டு வருவேன்.

மச்சான் என் மனைவியின் தம்பி. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. நாளெல்லாம் மற்றவர்களிடம் மூச்சைப் பிடியுங்கள், அசையாதீர்கள் என்று சொல்பவன், வேலை முடிந்ததும் அசைவதைத் தவிர வேறெதையும் நினைக்காதவனாகிவிடுவான். எழுபதுகளின் கடைசியில் அவன் வாங்கிய கார் அதற்கு வசதியாக இருந்தது. கரும்பச்சை நிறம், கித்தான் கூரை, இரண்டே இருக்கை. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத் துரையிடமிருந்து இரண்டு மூன்று கை மாறி அவனிடம் வந்தது.

செலிப்பாரைக் கழற்றிவிட்டு ஏறும் பழக்கம் முதலில் அவனுக்கு இல்லை. அது வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

பீடோர் பக்கத்தில் ஒரு தோட்டம். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள். குன்றின் உச்சியில் காலியாகக் கிடந்த துரை பங்களாவுக்கு ஒரு தார்ச்சாலை வளைந்து வளைந்து ஏறும். எங்கள் ஊர் மோட்டார் மன்றம் ஆண்டுக்கு ஒருமுறை அங்கே மலையேற்றப் போட்டி வைக்கும். ஒவ்வொரு காராகத் தனித்தனியே ஏற வேண்டும், நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். பாதி வழியில் சாலை திடீரென்று ஒரு பாலத்தை நோக்கிக் கீழே இறங்கி, உடனே இடது பக்கம் கொண்டை ஊசியாக மடங்கி ஏறும். ஒரு காலத்தில் ரப்பர் பால் ஏற்றிய லாரி அங்கே கவிழ்ந்ததாம். தோட்டத்து மக்கள் அதைப் பால்கொட்டி வளைவு என்பார்கள்.

முதல் ஆண்டு மச்சான் அந்த வளைவில்தான் சுழன்றான். வேகமாக இறங்கி வந்தான், பிரேக்கை அழுத்தினான், மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்றினான், கிளச்சை விட்டான். எஞ்சின் மெதுவாகவும் சக்கரங்கள் வேகமாகவும் சுற்றிக்கொண்டிருந்த நேரம். பின்சக்கரங்கள் ஒரு கணம் இறுகிக்கொண்டன. காரின் பின்பக்கம் முன்னால் வந்தது. கார் லாலான் புல்லுக்குள் பின்பக்கமாகப் போய், வந்த வழியைப் பார்த்தபடி நின்றது. அவனுக்கு ஒரு கீறலும் இல்லை.

என் மாமியார் காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார். சப்பாத்துக் காலோடு ஏறினால் எந்த வண்டிதான் பொறுக்கும்? பாதிரியார் வந்து புனித நீர் தெளித்தார். பக்கத்து வீட்டு இந்து அக்கா, கேட்காமலேயே நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார். அன்று முதல் மச்சான் வெறுங்காலோடுதான் ஏறுவான்.

அவன் மனைவி மட்டும் கழற்ற மாட்டாள். அவள் தமிழ்ப்பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. வெள்ளைக் கேன்வஸ் சப்பாத்தோடு நேராக ஏறி உட்காருவாள்.

"இது என்ன கோயிலா, தேவாலயமா? கார் லா," என்பாள்.

அடுத்த போட்டி அறிவிப்பு வந்தபோது அவள் ஐந்து மாத கர்ப்பிணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க," என்றாள் என்னிடம். "வீட்டுக்கு மூணாவது ஆளு வருது. காருல ரெண்டு சீட்டு. இவருக்குக் கணக்கு வருமா வராதா?"

"மடியில வச்சுக்கலாம்," என்றான் மச்சான்.

"யாரு மடியில? ஓட்டுறவரு மடியிலயா? நாலு கதவு வச்ச காரா வாங்குங்க. எல்லாரும் அதுலதான் போறாங்க."

என் மனைவி தம்பிக்குக் குழம்பு ஊற்றியபடி, "ஒரு வருசம் பொறு, புள்ள. இன்னொரு தடவ அந்த மலையில ஏறிப் பாக்கட்டும்," என்றாள்.

மச்சான் மனைவி யோசித்தாள். பள்ளியில் பிள்ளைகளுக்குத் தீர்ப்புச் சொல்லிப் பழகியவள். "சரி. அந்த வளைவுல நேராப் போனாருன்னா கார் இருக்கட்டும், நான் வாயே தொறக்கல. மறுபடியும் பின்னாடி முன்னாடி வந்துச்சு, கார் போயிரணும். சம்மதமா?"

மச்சான் எச்சில் கையையே நீட்டினான். அவள் இடது கையைக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் என்னை வரச் சொன்னான். காரின் கதவைத் திறந்துவைத்து, ஒரு படுதாவை விரித்து, தலையைப் பெடல்களுக்குக் கீழே நுழைத்து மல்லாந்து படுத்திருந்தான்.

விஷயம் இதுதான். வளைவுக்கு முன்னால் வலது கால் பிரேக்கில் இருக்கிறது. கியரைக் குறைக்கும்போது எஞ்சினையும் ஒரு தடவை உறும வைத்தால், எஞ்சினும் சக்கரமும் ஒரே வேகத்துக்கு வந்துவிடும், பின்பக்கம் உதறாது. ஆனால் இடது கால் கிளச்சில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே வலது கால் முன்பாதத்தால் பிரேக்கை அழுத்திக்கொண்டே, அதன் ஓரத்தையோ குதிகாலையோ சாய்த்து எண்ணெய் பெடலைத் தட்ட வேண்டும். வேகம் கொடுக்கும் பெடலுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். இந்தக் காரில் எண்ணெய் பெடல் பிரேக்கைவிட மிகவும் பள்ளத்தில் இருந்தது, தள்ளியும் இருந்தது. துரையின் கால் எப்படிப்பட்டதோ, மச்சானுடையது சின்னக் கால். எட்டவில்லை.

அவன் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டே பார்த்தாள். "வீட்டுல ரெண்டு காலும் சேந்து ஒரு வேல செய்யாது. காருல ஒரு காலு ரெண்டு வேல செய்யணுமாம்."

"நீ பேசாம இரு மா. அளவெடுக்கிறோம்."

"எக்ஸ்ரே எடுத்துப் பாருங்களேன். எந்த எலும்புக்குச் சோம்பல்னு தெரிஞ்சிரும்."

நான் வேலையிடத்திலிருந்து கொண்டுபோன அச்சுக்காகிதத்தில் அவன் வலது பாதத்தைப் பதித்துப் பென்சிலால் கோடு இழுத்தோம். பிறகு அவன் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, நான் அடுத்த இருக்கையிலிருந்து குனிந்து, கைவிளக்கும் அளவுகோலும் வைத்து இரண்டு பெடலுக்கும் இடையே இருந்த இடைவெளியைப் பார்த்தேன். எண்ணெய் பெடலின் மேல் ஒரு மரத்துண்டு வைக்க வேண்டும், அதன் மேல் பிரேக் பக்கமாக நீளும் ஒரு தகடு வேண்டும் என்று முடிவாயிற்று.

தகடு மச்சானும் என் மனைவியும் பிறந்த தோட்டத்திலிருந்து வந்தது. பழைய ரப்பர் ஆலையில், பால் உறையும் தொட்டிக்குள் வரிசையாகச் சொருகும் அலுமினியப் பலகைகள் மூலையில் அடுக்கிக் கிடந்தன. காவல்காரர் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதை வெட்டி, ஓரத்தை ராவி, வழுக்காமலிருக்கச் சிறு துளைகள் போட்டான். மரத்துண்டுக்கு ரப்பர் மரமே கிடைத்தது.

உயரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவும் குறைக்கவும்தான் வழி தெரியவில்லை. வாஷர் வைத்தால் தகடு ஒரு பக்கம் ஆடியது. அப்போது நான் வேலை பார்த்த வார இதழில் எழுத்துகளைக் கையால்தான் கோத்தார்கள். வரிக்கும் வரிக்கும் நடுவே இடம் விடுவதற்காக மெல்லிய ஈயத் தகடுகளைச் சொருகுவார்கள். எல்லாம் ஒரே கனம். ஒரு மயிரிழை கூட மாறாது. அவற்றில் சிலவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். மரத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே வைத்தால் அப்படியே அமர்ந்துகொண்டன. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் ஒரு தகடு. குறைக்க வேண்டும் என்றால் ஒன்றை உருவ வேண்டும்.

இரண்டாவது முறை கேட்டபோது அச்சுக்கோப்பவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்னண்ணே, நம்ம பத்திரிகையில வரியெல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறி உக்காந்திருக்கு. எடமெல்லாம் எங்க போவுது?"

"மலைக்குப் போவுது," என்றேன்.

முதல் சோதனை எங்கள் தெருவில்தான். வாசலில் கார் நின்றிருந்தபோது எல்லாம் கச்சிதமாக இருந்தது. கால் லேசாகச் சாய்ந்தால் போதும், எஞ்சின் உறுமிற்று. ஆனால் நின்ற காரில் பிரேக்கை மிதிப்பது வேறு, ஓடும் காரில் மிதிப்பது வேறு என்று தெருக்கோடியில் தெரிந்தது. ஓடும்போது ஆள் பலமாக மிதிக்கிறான். பிரேக் பெடல் இன்னும் கீழே போகிறது. அப்படிப் போனபோது கால் இரண்டையும் சேர்த்தே அழுத்திவிட்டது. நிற்க வேண்டிய கார் உறுமிக்கொண்டு, துருவிய ஐஸில் சிரப் ஊற்றி விற்கும் ஐஸ் கச்சாங் வண்டியை நோக்கிப் போயிற்று. வண்டிக்காரர் கையிலிருந்த கிண்ணத்தோடு கால்வாயைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றார். மச்சான் ஒருவாறு நிறுத்தினான். வண்டிக்காரர் திரும்பி வந்து, சிரப்பை மேலும் கொஞ்சம் ஊற்றி, கிண்ணத்தை அவனிடமே நீட்டினார். வாங்கிச் சாப்பிடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

மூன்று ஈயத் தகடுகளை உருவினோம். பிறகு ஒன்றைத் திரும்பச் சொருகினோம்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அந்தத் தோட்டத்துச் சாலைக்குப் போனோம். செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் விடுமுறை நாளில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களில் ஒருவர், தலையில் துண்டு கட்டியவர், வாராவாரம் வருவார்.

"அண்ணே, போன வருசம் லாலானுக்குள்ள பார்க் பண்ணீங்களே, அந்த எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு லா!"

"நீயே வச்சுக்கப்பா," என்பான் மச்சான்.

"எனக்கு எதுக்கு? எங்கிட்ட சைக்கிள்தானே. அது முன்னாடி முன்னாடியேதான் போகும்."

மெல்ல மெல்ல வந்துவிட்டது. வளைவுக்குச் சற்று முன்னால், பிரேக்கின் முனகலுக்கு நடுவே, எஞ்சின் ஒரே ஒரு தடவை குரைக்கும். பிறகு கார் தலையைத் திருப்பிக்கொண்டு ஏறிப் போகும். அந்தக் குரைப்பு சரியான இடத்தில் விழுந்ததா என்று எனக்கே காதால் சொல்ல முடிந்தது. வெறுங்காலின் தோல் பெடலை அப்படியே உணர்கிறது என்றான் மச்சான். கட்டைவிரலுக்குக் கீழே பிரேக், சுண்டுவிரல் பக்கம் எண்ணெய்.

போட்டி நாளன்று வானம் மூடியிருந்தது; மழை இல்லை. அவன் மனைவி ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து, பால்கொட்டி வளைவு நன்றாகத் தெரியும் மேட்டில், ஒரு கொன்றை மரத்தடியில் உட்கார்ந்தாள். அப்போது எட்டாம் மாதம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பழைய சப்பாத்துக்குள் நுழையாததால் இரண்டு அளவு பெரிதாகப் புதுச் சப்பாத்து வாங்கியிருந்தாள். பள்ளிப் பிள்ளைகளைப் போல அதற்கு வெள்ளைப் பூச்சும் பூசியிருந்தாள்.

கார்களைப் பரிசோதிக்கும் அதிகாரி ஒரு மலாய்க்காரர், அமைதியானவர். பிரேக்கைப் பார்த்தார், சக்கரங்களை ஆட்டிப் பார்த்தார். பெடலில் பொருத்தியிருந்த தகட்டைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. "பாகூஸ்," என்று மெச்சிவிட்டு நிமிர்ந்தவர், மச்சானின் பாதங்களைப் பார்த்தார்.

"காசூட் மானா?"

சப்பாத்து எங்கே என்று கேட்டார். மூடிய சப்பாத்து இல்லாமல் யாரும் ஓட்டக்கூடாது என்பது மன்றத்தின் விதி. போன ஆண்டு மச்சான் அதைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டினான். இந்த மூன்று மாதமும் அளவெடுத்து, தகடு சொருகி, உருவி, தெருவிலும் மலையிலும் ஓட்டிப் பார்த்த அத்தனை பேரில் ஒருவருக்கும் சப்பாத்து ஞாபகம் வரவில்லை.

என் தோல் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். பிரேக்கை மிதித்தவுடனே எஞ்சின் அலறிற்று. அகலமான, விறைப்பான அடித்தோல். கால் சாய்வதற்கு முன்பே அதன் ஓரம் எண்ணெய் பெடல் மேல் ஏறிவிட்டது. எல்லா ஈயத் தகடுகளையும் உருவினோம். அப்படியும் அலறிற்று. மரத்தையும் கழற்றினால் பழையபடி எட்டாது. கையில் முக்கால் மணி நேரம் இருந்தது.

மச்சான் என் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மனைவி இருந்த மரத்தடிக்குப் போனான். நானும் கூடப் போனேன்.

"இன்னிக்கு ஓட்டலன்னா என்ன கணக்கு?" என்று சப்பாத்து விஷயத்தைச் சொல்லி மனைவியிடம் கேட்டான்.

"ஓட்டலன்னா வளைவுல போகலன்னு அர்த்தம். கார் போகுது."

"அது நியாயமா?"

"சப்பாத்து போட மறந்தவருக்கு நியாயம் வேறயா?"

அவன் காருக்குத் திரும்பி நடந்தான். புல்லில் வெறுங்காலால் நடக்கும் அவனையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியின் கைப்பிடியில் விரல்களால் தட்டினாள். பிறகு தன் சப்பாத்தை நோக்கிக் குனியப் பார்த்தாள். முடியவில்லை.

"அண்ணே, இந்த நாடாவக் கொஞ்சம் அவுத்து விடுங்க."

அவிழ்த்தேன். சப்பாத்தை ஒவ்வொன்றாக உதறினாள். "எங்க ஸ்கூல் போட்டியில ஒரே சப்பாத்த நாலு புள்ளைங்க மாத்தி மாத்திப் போட்டு ஓடும். கொண்டுபோய்க் குடுங்க. தோக்குறதுன்னா வளைவுல தோக்கட்டும். சப்பாத்துல தோக்கக் கூடாது."

வீங்கிய காலுக்கு வாங்கிய சப்பாத்து மச்சானுக்குத் தைத்தது போல இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த மற்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அடியில் மெல்லிய ரப்பர், வளைந்து கொடுத்தது. பழையபடி தகடுகளைச் சொருகி மிதித்துப் பார்த்தோம். எஞ்சின் சற்று முந்திக்கொண்டது. ஒன்றை உருவினோம். அப்போதும் கொஞ்சம் முந்தியது. இன்னொன்றையும் உருவினோம். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கை அழுத்தி, காலைச் சாய்த்தான். ஒரு குரைப்பு. விட்டான், அழுத்தினான். மறுபடியும் ஒரு குரைப்பு. திருகாணியைக் கடைசிவரை முறுக்கினேன்.

அதிகாரி வந்து பாதங்களைப் பார்த்தார். வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். விதியில் நிறத்தைப் பற்றி எதுவும் இல்லை. தலையசைத்தார்.

நான் மரத்தடிக்குத் திரும்பினேன். அவள் வெறுங்காலைப் புல்லில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். துண்டு கட்டிய குலை வெட்டுபவரும் அங்கேதான் நின்றார். அவருடைய பார்வை லாலான் மேலேயே இருந்தது.

கீழே கரும்பச்சைக் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மரங்களுக்குள் மறைந்தது, மீண்டும் தெரிந்தது. பாலத்தை நோக்கி இறங்கியபோது போன ஆண்டைவிட வேகமாகவே வருவதாக எனக்குப் பட்டது. பிரேக் முனகிற்று. முன்பக்கம் தாழ்ந்தது. நடுவில் அந்த ஒரே ஒரு குரைப்பு. பின்பக்கம் ஒரு சாண் வெளியே ஒதுங்கி, யோசித்து, உள்ளே வந்தது. கார் மடங்கி ஏறி, பனைகளுக்குப் பின்னால் போய்விட்டது.

"அட, இந்த வருசம் லாலான எட்டிக்கூடப் பாக்கலையே லா," என்றார் துண்டு கட்டியவர். ஏமாந்தவர் போலத்தான் சொன்னார்.

"போயிட்டாரு," என்றாள் அவள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "போயிட்டாரு பாத்தீங்களா," என்று மறுபடியும் சொன்னாள்.

கார் திரும்பி வந்ததும் அவள் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கறுப்பு பிரேக் ரப்பரின் மேல் முன்பாதத்தின் வெள்ளைத் தடம் இருந்தது. பக்கத்தில் அலுமினியத் தகட்டின் இடது ஓரத்தில் மட்டும், பிறை போல மெல்லிய வெள்ளைக் கீற்று. ஒரு கால் இரண்டு வேலை செய்திருந்தது.

"என் சப்பாத்துப் பூச்செல்லாம் போச்சு," என்றாள்.

"கார் இருக்கட்டுமா?" என்றான் மச்சான்.

"நான் வாயே தொறக்கலன்னு சொன்னேன்ல? தொறக்கல."

பரிசு எதுவும் கிடைக்கவில்லை. நடுவில் எங்கோ ஓர் இடம். அந்த வாரம் எங்கள் இதழில் மலையேற்றப் போட்டியைப் பற்றி ஒரு சின்னச் செய்தி வந்தது. வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் இருந்தது. நான் திருப்பிக் கொடுத்த தகடுகளை அச்சுக்கோப்பவர் அந்தச் செய்திக்கே போட்டிருந்தார்.

அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு அழைத்துப் போகும் நாளில் நானும் என் மனைவியும் எங்கள் பழைய காரில் மருத்துவமனைக்குப் போனோம். அதற்கு நான்கு கதவு, நிறைய இடம். தாயையும் பிள்ளையையும் அதில்தான் ஏற்றுவதாகப் பேச்சு. ஆனால் மச்சான் கரும்பச்சைக் காரைக் கித்தான் கூரை போட்டு முகப்பில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அவள் இரண்டு கார்களையும் பார்த்தாள். குழந்தையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து, கரும்பச்சைக் காரில் ஏறினாள். பிறகு இரண்டு கையையும் நீட்டிக் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவாப் போங்க," என்றாள் அவனிடம். "கியரு மாத்துறப்போ இவ முழிச்சா, அப்புறம் இருக்கு."

கார் கிளம்பியது. மருத்துவமனைச் சரிவில் இறங்கி, வாயிலுக்கு முன்னால் பிரேக் பிடித்தபோது அந்தக் குரைப்பு கேட்டது. மிகச் சின்னதாக, பிள்ளை எழாத அளவுக்கு.

நான் குனிந்து எப்போதும் போல முகப்பிலிருந்து செலிப்பாரை எடுத்தேன். அன்றைக்கு இரண்டு ஜோடி இருந்தது.